ஏழாம் நம்பர் சட்டை

அத்தியாயம் பதினான்கு

லமாண்ட் டாலிவரை சான் டியேகோ அணி கழற்றிவிட்ட செய்தி வந்தபோது அவன் அக்கா மார்வா பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தாள் என்பதைப் போன வாரம் பார்த்தோம். அன்றைக்கு வாயை மூட முடியவில்லை. இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, வாயைத் திறக்கக் கூடாது.

லீக்கின் விதி அப்படி. ஓர் அணி கழற்றிவிட்ட ஆட்டக்காரன் இரண்டு நாள் யாருக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் தொங்குவான். அதற்குள் வேறு எந்த அணியும் அவனுடைய பழைய சம்பளத்தைச் சுமக்கத் தயாரென்றால் கை நீட்டித் தூக்கிக்கொள்ளலாம். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை கிடையாது. யாரும் தூக்கவில்லையென்றால் வெள்ளி மாலை ஐந்து மணிக்கு அவன் தன்னிஷ்டத்துக்குப் போகலாம். அதுவரை எந்த அணியின் ஆளும் அவனோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினதாகத் தெரிந்தால் அந்த அணிக்கு அவன் கிடைக்கவே மாட்டான்.

மார்வா லூயிவில் ஃபெரிமென் கூடைப்பந்து அணியின் மேலாளர். ஆகவே அவள் அக்கா அல்ல, அணியின் ஆள். பயிற்சியாளர் கார்னீலியஸ் பர்டெட் அவளுடைய கணவர். ஆகவே அவர் அத்தான் அல்ல, அணியின் ஆள்.

லமாண்டின் பழைய சம்பளத்தைத் தூக்க லூயிவில்லின் சம்பள வரம்பில் இடமில்லை. ஐந்து மணிக்கு மேல், லீக்கின் அடிமட்டச் சம்பளத்துக்கு வந்தால்தான் உண்டு. அவன் வருவான், அதில் மார்வாவுக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வீட்டுக்குள்ளேதான்.

“உனக்கு அவன் வேணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு,” என்றாள், காலைக் காப்பியைக் கணவர் பக்கம் தள்ளியபடி.

“வேண்டாம்.”

“காரணம்?”

“டேரியன்.”

டேரியனுக்கு இருபத்திரண்டு வயது. ஆட்டத்தை நடத்தும் இடத்தில் இந்த வருடம்தான் முழுதாக நின்றிருக்கிறான். லமாண்ட் நாலு வருடம் முன்பு ஊரை விட்டுப் போனபோது அவன் போட்டிருந்த ஏழாம் நம்பர் சட்டையை யாரும் தொடத் துணியவில்லை. இவன் வந்த முதல் நாளே அதைக் கேட்டு வாங்கினான்.

“அவனுக்கு இப்பதான் பயம் விட்டிருக்கு,” என்றார் கார்னீலியஸ். “மூணு தடவை பந்தைத் தொலைச்சாலும் நாலாவது தடவை அவனே கை நீட்டிக் கேக்கறான். உன் தம்பியக் கொண்டாந்து பெஞ்சுல உக்கார வெச்சோம்னு வை. இவன் ஒரு பந்தை விட்டா போதும், அரங்கம் மொத்தமும் லமாண்ட் பேரைச் சொல்லிக் கத்தும். அப்புறம் இவன் கூடையைப் பாப்பானா, பெஞ்சைப் பாப்பானா?”

“கடைசி ரெண்டு நிமிஷத்துல நாம எத்தனை ஆட்டத்தைக் கோட்டை விட்டிருக்கோம்?”

“எண்ண வேண்டாம். சாப்பிடற நேரம்.”

“அந்த ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஆள் வேணும், கார்னீ.”

“ரெண்டு நிமிஷத்துக்கு வர்றவன் மீதி நேரம் என்ன பண்ணுவான்? உன் தம்பிக்கு எல்லாம் தெரியும். உக்காரத் தெரியாது.”

இந்த வருடமும் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போகவில்லையென்றால் முதலாளி கணவன் மனைவி இரண்டு பேருக்கும் ஒரே செலவில் வழியனுப்பு விழா நடத்திவிடுவார் என்பது இருவருக்கும் தெரியும். வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம், வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம்.

அப்போதுதான் ஜன்னலோரம் முனகிக்கொண்டிருந்த ரேடியோ தெளிவாக ஒரு விஷயத்தைச் சொன்னது.

“லமாண்ட் வீட்டுக்கு வர்றாருங்க. யார் சொன்னதுன்னு கேக்காதீங்க. சர்ச்சுல மீன் வெட்டிக்கிட்டிருந்த கூட்டம் மொத்தத்துக்கும் தெரியும்.”

இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்றால் லூயிவில்லில் பாதிச் சர்ச்சுகளின் கொல்லையில் மீன் பொரியும். முந்தின நாள் சாயங்காலமே பெண்கள் கூடி மீனைத் துண்டுபோட்டுச் சோளமாவைத் தயாராக வைப்பார்கள். அந்த மேசையில் கத்தியோடு நின்றவர்களில் மார்வாவின் அம்மா எர்னஸ்டினும் ஒருத்தி.

டிக்சி நெடுஞ்சாலையில் பழைய கார் வியாபாரம் செய்கிறவள் எர்னஸ்டின். வண்டியின் குறையைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. பிள்ளையைப் பற்றியென்றால் நிறுத்த முடியாது.

“என்ன சொல்லியிருப்பாங்க?” என்றார் கார்னீலியஸ்.

“ஞாயித்துக்கிழமை மேசையில ஒரு தட்டு கூடப் போடணும்னு சொல்லியிருப்பாங்க. அது போதாதா?”

போதும். அதைக் கேட்டு முதலில் காது விடைக்கப்போவது செயின்ட் லூயிஸ். லூயிவில்லுக்கு அரை அடி முன்னால் ஓடிக்கொண்டிருக்கிற அணி அது. அவர்களுக்கு லமாண்ட் தேவையென்று இல்லை. லூயிவில்லுக்குத் தேவை என்று தெரிந்தாலே அவர்களுக்கும் தேவைப்பட்டுவிடும். ஜவுளிக்கடையில் இதைத் தினமும் பார்க்கலாம். யாரும் சீண்டாமல் கிடந்த சேலையை ஒருத்தி எடுத்து விரித்தால் பக்கத்திலிருப்பவள் அதன் மறுமுனையைப் பிடிப்பாள். வாங்கிப்போய்ப் பெட்டியில் போட்டாலும் போடுவாள், விடமாட்டாள்.

மார்வா காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பதற்றப்படும்போது அவள் மெதுவாகக் குடிப்பாள். இன்றைக்கு வழக்கமான வேகத்தில்தான் குடித்தாள்.

“இன்னைக்குப் பத்திரிகைக்காரங்க உன்கிட்ட கேப்பாங்க,” என்றாள்.

“வழக்கம்போல ‘பாக்கலாம்’னு சொல்லிடறேன்.”

“சொல்லாத. மனசுல இருக்கறதை அப்படியே சொல்லு.”

கார்னீலியஸ் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் இப்படி ஓர் அனுமதி அவருக்குக் கிடைத்ததில்லை.

“எப்படியே?”

“என்கிட்ட இப்ப சொன்னியே, அப்படியே. உன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றவன் மாதிரி இருக்காது. சொன்னதும் இல்ல. அதனால செயின்ட் லூயிஸ்காரன் நம்புவான். கோச்சே வேண்டாம்ங்கறான், நாம எதுக்கு அந்தச் சம்பளத்தைச் சுமக்கணும்னு விட்டுடுவான்.”

“சாயங்காலம் நான் அதைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன், மார்வா. சொன்னா சொன்னதுதான்.”

“திருப்பி எடுக்கச் சொன்னேனா?”

“உன் தம்பியும் ரேடியோவுல கேப்பான்.”

அது அவளுக்கும் தெரியும். கேட்பான், காரணம் தெரியாமல் கேட்பான், அவனுக்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை. அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

* * *

பயிற்சிக் கூடத்தில் கார்னீலியஸ் சொன்னார். சொல்லச் சொல்ல ருசி கண்டுவிட்டார்.

“லமாண்ட் டாலிவர் என் மச்சினன். நல்ல ஆட்டக்காரன். ரொம்ப நல்ல ஆட்டக்காரனா இருந்தான். இப்ப முழங்கால் ரெண்டும் கெஞ்சுது. எனக்கு ஆட்டத்தை நடத்த டேரியன் இருக்கான். இன்னொருத்தன் வேண்டாம். அதுவும் பின்னால உக்காரத் தெரியாத ஒருத்தன் வேண்டவே வேண்டாம்.”

மைக் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வருடக்கணக்காக ‘பாக்கலாம்’ மட்டும் கிடைத்த இடத்தில் திடீரென்று விருந்து.

தூரத்துக் கூடையில் பந்து போட்டுக்கொண்டிருந்த டேரியன் நின்றான். மைக்குகள் கலைந்ததும் நேராக மார்வாவிடம் வந்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“அவரு வர்றாருன்னு ஊரே சொல்லுது. வேண்டாம்னு கோச் சொல்றாரு. வந்தா ஏழாம் நம்பரைக் கேப்பாரா?”

பெரிய ஆட்டக்காரன் புது அணிக்கு வந்தால் தன் பழைய நம்பரைப் போட்டிருக்கும் சின்னவனிடம் கேட்பதும், சின்னவன் ஒரு நல்ல கைக்கடிகாரத்துக்கோ காருக்கோ அதை விட்டுக்கொடுப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். விட்டுக்கொடுக்காதவனை யாரும் திட்டமாட்டார்கள். பேசாமல் இருப்பார்கள், அது அதைவிட மோசம்.

மார்வாவின் பக்கத்தில் இன்னும் இரண்டு நிருபர்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். “அதைப் பத்தியெல்லாம் இப்ப பேசக் கூடாது, டேரியன்,” என்றாள்.

“பேசக் கூடாதுன்னா, ஆமான்னு அர்த்தமா?”

“பேசக் கூடாதுன்னா பேசக் கூடாதுன்னுதான் அர்த்தம். போய் ஆடு.”

அவன் போனான். ஆனால் ஆடவில்லை. சட்டையின் முன்பக்கத்தை இரண்டு விரலால் இழுத்து நம்பரைக் குனிந்து பார்த்துவிட்டு உடை மாற்றும் அறைக்குள் போய்விட்டான். மார்வா அதைப் பார்க்கவில்லை. அவள் அதற்குள் அம்மாவின் வாயை அடைக்கக் கிளம்பியிருந்தாள்.

* * *

ஆற்றங்கரைக்கு இந்தப் பக்கம், ஷானி பகுதியில் எர்னஸ்டினின் வீடு. மார்வா படியேறினாள். வலைக்கதவைத் திறக்கக் கை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

கதவோரம் மிதியடியின் மேல் ஒரு ஜோடி ஷூ. படகு மாதிரி பெரியது. லூயிவில்லில் அந்த அளவுக் கால் உள்ளவர்கள் எல்லோருக்கும் அவள்தான் சம்பளம் போடுகிறாள், இந்த ஒருவனைத் தவிர.

“யாரு, மார்வாவா? உள்ள வாடி,” என்று சமையலறையிலிருந்து எர்னஸ்டின் குரல்.

“அம்மா, நீங்க வெளிய வாங்க.”

“எண்ணெய் காயுது. உள்ள வா.”

“வர முடியாது.”

எர்னஸ்டின் கரண்டியோடு வந்து வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். மகளைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள்.

“ஏன், என் வீட்டு வாசப்படி உனக்கு உசரமாயிடுச்சா?”

“உள்ள யாரு இருக்காங்கன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லாதீங்க.”

“என் புள்ள என் வீட்டுல இருக்கான். இதைச் சொல்ல நான் யாருகிட்ட அனுமதி வாங்கணும்?”

“அம்மா. சொல்லாதீங்கன்னேன்.”

“ரெண்டு நாளா சரியா சாப்பிடல. மீன் போட்டுக் குடுத்தேன். அது உங்க லீக்குக்குப் பொறுக்கலையா?”

“நீங்க மீன் போடலாம். நான் ‘நல்லாருக்கா’ன்னு கேட்டாக்கூட ஆபத்து. அஞ்சு மணி வரைக்கும் நீங்க போன் எடுக்காதீங்க, சர்ச்சுப் பக்கம் போகாதீங்க, கடைக்கும் போகாதீங்க. யாராவது கேட்டா—”

“யாராவது கேட்டா?”

“தட்டு ஒண்ணும் கூடப் போடலைன்னு சொல்லுங்க.”

எர்னஸ்டின் கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். உள்ளே நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பெரிய உடம்பு அசைந்தால் எழும் சத்தம். இரண்டு பெண்களும் அது கேட்காத மாதிரி நின்றார்கள். நாலு வருடமாகப் பார்க்காத தம்பி பத்தடி தூரத்தில் இருக்கிறான், இவள் தெருவில் புல் வெட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்த நேரத்தில்தான் சமையலறை ரேடியோவில் பாட்டு முடிந்து கார்னீலியஸின் குரல் வந்தது.

“...இப்ப முழங்கால் ரெண்டும் கெஞ்சுது...”

எர்னஸ்டின் திரும்பினாள். மார்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

“...பின்னால உக்காரத் தெரியாத ஒருத்தன் வேண்டவே வேண்டாம்.”

உள்ளே தட்டில் முள்கரண்டியை மெதுவாக வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

“உன் புருஷன்தானே அது?” என்றாள் எர்னஸ்டின்.

“ஆமா.”

“உனக்குத் தெரிஞ்சுதான் பேசினானா?”

மார்வாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒரு வார்த்தை சொன்னாலும் அது வலைக்கதவு வழியாக உள்ளே போகும். போனால் அது அம்மாவிடம் பேசியதல்ல, அவனிடம் பேசியது. அவள் பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை.

“எண்ணெய் தீயுது பாருங்க, அம்மா,” என்றாள்.

எர்னஸ்டின் அவளையே பார்த்தாள். கார் வாங்க வந்தவன் எப்போது உண்மையாகக் கிளம்புகிறான், எப்போது கூப்பிடட்டும் என்று கிளம்புகிறான் என்பதை முகத்தில் படிக்கிறவள் அவள். படித்தாள். உதட்டோரம் ஒரு சுழிப்பு வந்து போனது.

“போ,” என்றாள். “அஞ்சு மணிக்கு மேல வா. உன் புருஷனையும் கூட்டிட்டு வா.”

* * *

ஐந்து மணிக்கு லீக்கிலிருந்து செய்தி வந்தது. லமாண்ட் டாலிவரை யாரும் கேட்கவில்லை. செயின்ட் லூயிஸும் கேட்கவில்லை.

மார்வா தன் அறைச் சுழல்நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். “ஜெயிச்சாச்சு,” என்றாள்.

“பாதி,” என்றார் கார்னீலியஸ். “நான் இன்னும் வேண்டாம்னுதான் சொல்றேன்.”

“வந்து அவன் முன்னாடி சொல்லு. வண்டில ஏறு.”

எர்னஸ்டின் கதவைத் திறந்து மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள். “வாங்க மாப்பிள்ளை. ரேடியோவுல குரல் நல்லாத்தான் இருந்தது.”

“அத்தை, நான் வந்து—”

“உள்ள போய்ப் பேசுங்க. என்கிட்ட ஏன் பேசறீங்க, நான் என்ன பெஞ்சுல உக்காரவா போறேன்?”

லமாண்ட் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டிலும் ஐஸ் பை கட்டியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் எழப் பார்த்தான், அவள் வந்து தலையை இழுத்துத் தன் தோளில் ஒரு முறை சாய்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். வியாபாரம் பாக்கி இருந்தது.

“அத்தான்,” என்றான் லமாண்ட். “கெஞ்சுதுன்னீங்க. அழுவுது.” ஐஸ் பையைத் தட்டிக் காட்டினான்.

கார்னீலியஸ் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தார். “நான் சொன்னது எதையும் திருப்பி எடுத்துக்கப் போறதில்ல.”

“எடுக்க வேண்டாம். அஞ்சு மணி அடிச்சதும் செயின்ட் லூயிஸ்காரன் போன் பண்ணிட்டான். முதல் ஆளா இறக்கறேங்கிறான். ஒரு ஆட்டத்துக்கு முப்பது நிமிஷம். நீங்க எவ்வளவு தருவீங்க?”

மார்வா வாயைத் திறந்தாள். கார்னீலியஸ் கையைத் தூக்கினார். இது அவருடைய கடை.

“பத்து,” என்றார். “சில நாள் அதுவும் கிடையாது.”

அடுப்பில் மீனோடு நின்ற எர்னஸ்டின் திரும்பாமலே சொன்னாள். “முதல் பேச்சுலயே முப்பது தர்றவன் வண்டியச் சுத்திப் பாக்கலைன்னு அர்த்தம். நாளைக்கு முழங்காலைப் பாப்பான், திருப்பி அனுப்புவான்.”

லமாண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பெத்த புள்ளையப் பழைய வண்டிங்கிறீங்க.”

“நல்ல கம்பெனி வண்டி. ஓட்டத் தெரிஞ்சவன் கையில இருக்கணும்.” மீனைப் புரட்டினாள். “அந்த ஏழாம் நம்பரை மட்டும் திருப்பி வாங்கிடணும். அது நம்ம நம்பர்.”

கார்னீலியஸ் நிமிர்ந்தார். காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

“எனக்கு ஒரே ஒரு கேள்விதான், லமாண்ட். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். என்ன நம்பர் போடுவ?”

அது சட்டையைப் பற்றிய கேள்வி இல்லை என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மார்வா தம்பியைப் பார்த்தாள். இந்த ஊரின் சுவர்களில், சின்னப் பையன்களின் முதுகுகளில், எர்னஸ்டினின் கார்க்கடைப் பலகையில்கூட அந்த ஏழு இருக்கிறது. அவன் ஐஸ் பையை அவிழ்த்தான். சொட்டிய தண்ணீரைக் கையால் துடைத்தான்.

“எதுவா இருந்தா என்ன அத்தான்,” என்றான். “பெஞ்சுல உக்காந்தா முதுகு யாருக்குத் தெரியும்?”

எர்னஸ்டினின் கரண்டி நின்றது. அவள் மீன் துண்டு ஒன்றை எடுத்து மகன் தட்டில் போடாமல் மருமகன் தட்டில் போட்டாள்.

கார்னீலியஸ் அதைப் பிட்டு வாயில் போட்டு மென்று முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

“காலையில பத்து மணிக்குப் பயிற்சி,” என்றார். “லேட்டா வந்தா ஓடணும். முழங்கால் அழுவுதுன்னு என்கிட்ட வராத.”

மார்வா மேசைக்கடியில் கணவரின் காலை லேசாக மிதித்தாள். அது அவர்கள் வீட்டில் நன்றி என்று அர்த்தம். பையைத் திறந்து பேனாவைத் தேடும்போது போன் அடித்தது. அரங்கத்தில் உடுப்பு, ஷூ எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஹாப்கின்ஸ்.

“மேடம், இப்பதான் உங்க ரூமுக்கு வந்தேன். மேசை மேல ஏழாம் நம்பர் சட்டை இருக்கு. தொவைச்சு, மடிச்சு வெச்சிருக்கு.”

மார்வாவின் கை பைக்குள்ளேயே நின்றது. “ஏழாம் நம்பர் சட்டையை டேரியன் வெச்சானா?”

“அவன்தான். போறதை வாசல்ல பாத்தாங்களாம். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல.”

பெரியவனுக்கு இடம் விட்டு மரியாதையாகக் கொடுத்த சட்டையா? இல்லை, இந்த அணியே வேண்டாம் என்று கழற்றிப் போட்ட சட்டையா? பேசக் கூடாதுன்னா ஆமான்னு அர்த்தமா என்று கேட்டானே, காலையில். இவள் போய் ஆடு என்றாளே.

அடுத்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான். இன்று மதியம் ஒரு வாசலில் நின்று அவள் தெரிந்துகொண்டது அது. சட்டை பொய் சொல்லும். கால் எங்கே இருக்கிறது என்பதை ஷூ சொல்லிவிடும்.

“ஹாப்கின்ஸ், அவன் லாக்கரைத் திறந்து பாருங்க. ஷூ இருக்கா?”

“பொறுங்க மேடம். நடந்து போகணும்.”

அந்தப் பக்கம் நீண்ட நடைபாதையில் ஹாப்கின்ஸின் காலடி ஒவ்வொன்றாக விழுந்தது. இந்தப் பக்கம் மூன்று பேர் மார்வாவின் முகத்தையே பார்த்தார்கள். லமாண்ட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கழற்றிப் போட்ட தன் ஷூவைத் தேடிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

“எங்கடா?” என்றாள் எர்னஸ்டின்.

“அவன் வீடு எங்கன்னு யாராவது சொல்லுங்க,” என்றான் லமாண்ட், குனிந்து நாடாவைக் கட்டியபடி. “இதை நான்தான் போய்ப் பேசணும்.”

போனில் லாக்கர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.